எண்பத்தைந்து என்று எழுதியிருந்தது

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த கடைசி ஆண்டுகளில் ஒன்று அது. என் மகள் அப்போது நாலு மாதக் கைக்குழந்தை. என் கணவர் சைகோனில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கராக இருந்தார். நான் இங்கே மாமியாருடன் இருந்தேன். இதை எழுதலாமா, எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பலமுறை யோசித்துவிட்டேன். என்னைப் போல ஓர் இளந்தாய் படித்து எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான் கடைசியில் பேனாவை எடுத்தேன்.

குழந்தை பிறந்த சில வாரங்களில் என் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. பால் கொடுக்கும் தாய்மார்கள் உள்ளே அணிய அங்கே நல்ல பாடி ஆயத்தமாகத் தைத்து விற்கிறார்களாம். கம்பெனி நண்பரின் மனைவியிடம் சொல்லி வாங்கி அனுப்புவதாகவும், அளவு மட்டும் எழுதும்படியும் கேட்டிருந்தார். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். எங்கள் வீட்டு அளவு நாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். இரண்டையும் பார்த்து எழுதி அனுப்பினேன். அப்படி எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கப்பலில் திரும்பிய ஒருவர் கையில் மூன்று பாடிகள் வந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் கொக்கிக்குப் பக்கத்தில் பட்டு நூலில் நெய்த சிறு லேபிள். ஒன்றில் முப்பத்து நான்கு என்று இருந்தது. மற்ற இரண்டும் வேறு கம்பெனியுடையவை. அவற்றில் எண்பத்தைந்து. முதலாவது அங்குலம், அடுத்தது சென்டிமீட்டர் என்று உடனே புரிந்துகொண்டேன். வகுத்துப் பார்த்தேன். அரை அங்குலம்தான் வித்தியாசம் வந்தது. மூன்றும் என் அளவே என்று மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

முதலில் முப்பத்து நான்கைத்தான் போட்டேன். சுகமாக இருந்தது. பால் கசிந்து நனைய நனைய வெந்நீரில் போட்டுத் துவைத்ததில் அது சீக்கிரமே நைந்து, கொக்கியும் துருப்பிடித்துவிட்டது. பிறகு எண்பத்தைந்துக்கு மாறினேன். கொக்கியை மாட்டும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கழற்றினால் மார்பைச் சுற்றிச் சிவந்த தடம் தெரியும். இப்படி எழுதும்போது எவ்வளவு எளிதாகத் தெரிகிறது! துணி சின்னது, அவ்வளவுதானே? அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. லேபிளில் இருக்கும் எண் என் எண். கணக்கும் சரி. அப்படியானால் தப்பு என் உடம்பில்தான் இருக்க வேண்டும். பத்தியச் சாப்பாடு என்ற பெயரில் அளவுக்கு மேல் சாப்பிட்டு ஊதிவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

மாமியார் காலையிலேயே காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளைத் தெருமுனையில் மறித்து, பால்சுறா வாங்கிப் புட்டு வைப்பார். பால் ஊற அதைவிட நல்லது இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பூண்டை நெய்யில் வதக்கிச் சோற்றில் பிசைந்து தருவார். நான் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியைக் கொல்லைப்புறத்துப் பூனைக்குப் போடத் தொடங்கினேன். கணவர் அன்போடு அனுப்பியது எனக்குப் பொருந்த வேண்டுமே என்ற ஒரே நினைப்பு.

குழந்தை அழ ஆரம்பித்தது. மார்பில் வாய் வைத்துச் சற்று நேரம் இழுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். கண்ணேறு என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். சூடு என்றார் பக்கத்து வீட்டம்மாள். எனக்கு வலது பக்கம் கல்லைப் போலக் கட்டிக்கொண்டு வலித்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. தாய்மை என்றால் வலி இருக்கத்தானே செய்யும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். குழந்தையின் தொடை மடிப்புகள் மறைந்து தோல் சுருங்கியபோதுதான் பயம் வந்தது. அதற்குள் எனக்குக் குளிர்காய்ச்சல். மாமியார் வண்டி பிடித்து எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

பெண்கள் காத்திருக்கும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. மடியில் கொழுகொழுவென்று ஓர் ஆண் குழந்தை. தம் தாயாரை அங்கே சேர்த்திருப்பதாகவும் கூட இருந்து பார்த்துக்கொள்வதாகவும் மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் தொண்டை வறண்டு கத்தினாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, புள்ளைய இப்படிக் குடுங்க. பசியில கத்துது.”

இப்போதுதான் கொடுத்தேன் என்று சொன்னேன்.

“குடிச்ச புள்ள இப்படி வெரல சப்பாது.”

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு தாமே என் மடியிலிருந்து குழந்தையை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர் தம் பிள்ளையை மாமியார் கையில் தந்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் மகளுக்குப் பால் கொடுத்தார். மகள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு நிம்மதியும் வந்தது, அவமானமும் வந்தது.

“ஒங்க பேத்தி இனிமே என் பால்குடி மவ. இந்தப் பய அவளுக்கு அண்ணனாயிட்டான். நாளைக்கு மாப்பிள்ள கேட்டுக்கிட்டு எங்க வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க” என்று மாமியாரிடம் சொன்னார். ஒரு பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகள் என்பது அவர்கள் வழக்கம். மாமியார் பல நாளுக்குப் பிறகு சிரித்தார்.

குழந்தை தூங்கியதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன் என்று கேட்டார். பதில் வருவதற்குள் என் முதுகில் கையை வைத்துவிட்டார். “என்னத்தப் போட்டு இப்படி இறுக்கியிருக்கீங்க?”

“இறுக்கமில்லீங்க. சைகோன்லேருந்து வந்தது. என் அளவுதான், எண்பத்தஞ்சு. நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னை மறைப்புத் தட்டிக்குப் பின்னால் அழைத்துப் போய்த் தம் ரவிக்கையை முதுகுப் பக்கம் சற்று உயர்த்திக் காட்டினார். அவர் கணவரும் சைகோனில்தான் கடை வைத்திருந்தார். அங்கிருந்து வந்த பாடிதான் அது. கம்பெனி மட்டும் வேறு. லேபிளில் அதே எண்பத்தைந்து. என்னைப் போல ஒன்றரை மடங்கு இருந்த அவருக்கு அது தளர்வாகவே இருந்தது.

“ஒங்களையும் என்னையும் ஒரே சட்டைக்குள்ள அடைக்க முடியுமா தங்கச்சி? நம்பரு துணிக்குத்தான். அதுவா வந்து புள்ளைக்குப் பால் குடுக்கப் போவுது? மொதல்ல கழட்டுங்க.”

அவரே கொக்கியைக் கழற்றினார். முழு மூச்சு உள்ளே போனது. வலி அதன் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

இறுக்கிக் கட்டியதில் பால் வடியாமல் உள்ளே கட்டிச் சீழ் வைத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். முன்பே வந்திருந்தால் ஒத்தடத்தோடு போயிருக்குமாம். கட்டியைக் கீறினார்கள். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அந்தப் பெண், தாயாருக்குக் கஞ்சி கொடுத்த கையோடு வந்து என் மகளையும் மடியில் போட்டுக்கொள்வார். என் வலது பக்கத்தில் பால் நின்றுவிட்டது. இடது பக்கத்தில் ஊறியது போதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பசும்பால்தான். அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு வந்து, மகள் மேலும் மெலிந்து, மெல்லத்தான் தேறினாள்.

பிறகு ஒரு நாள் பழைய பாடியையும் புதியதையும் பாயில் விரித்து அளந்தேன். அரை அங்குலம் என்று நான் கணக்குப் போட்ட இடத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. என் கணவர் விடுமுறைக்கு வந்தபோது கடையில் விசாரித்ததைச் சொன்னார். ஒரு கம்பெனி மார்பின் மேல் சுற்றளவை எழுதுமாம், ஒன்று மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவை எழுதுமாம், இன்னொன்று இழுபடும் துணி என்று குறைத்து வெட்டிவிட்டு எண்ணை மட்டும் அப்படியே போடுமாம். போட்டுப் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்று கடைக்காரி சிரித்தாளாம். என் கணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை மாமியாரிடம் சொல்லியிருக்கலாமே, பூனைக்குப் போட்ட சோற்றைத் தின்றிருக்கலாமே என்றுதான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது.

அந்தப் பெண்ணைப் பார்க்க மாமியாரும் நானும் பழத்தட்டோடு அவர் தெருவுக்குப் போனோம். தாயார் குணமானதும் கணவரிடம் கப்பலேறிவிட்டார் என்றார்கள். நன்றி என்று ஒரு சொல் நான் நேரில் சொன்னதே இல்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஓடுகிறாள், மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கிறாள். எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். சாப்பிட உட்காரும்போது அவள் போதும் என்று கையை மறித்த பிறகும் நான் ஒரு பிடி சோறு கூடப் போட்டுவிடுகிறேன். என் மடியில் கிடந்தே அவள் பசித்திருந்த அந்த வாரங்களை இனி எவ்வளவு ஊட்டினாலும் ஈடுகட்ட முடியாது என்று தெரிந்தும் என் கை நிற்பதில்லை.