அளவைக்கு அழைக்கப்படாதவர்

அப்பா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. நான் கட்டடப் படம் வரைபவள். அளவு தெரியாத இடத்தில் கோடு போட்டுப் பழக்கமில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் பெயர் அங்கமுத்து. 1951 முதல் 1980 வரை எங்கள் கிராமத்துக் கணக்குப்பிள்ளை. எந்த வயலுக்கு எந்த சர்வே எண், எந்த வரப்பு யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. தகராறு என்று யார் வந்தாலும் இரண்டு தரப்பையும் வயலுக்கே கூட்டிப் போவார். சங்கிலி போட்டு அளப்பார். இருவரும் தலையாட்டும்வரை கல்லை ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்திக்கொண்டிருப்பார். காகிதத்தில் எதுவும் ஏறாது.

"எழுத்துல ஏறுனா தாலுக்காவுக்குப் போவும். தாலுக்காவுக்குப் போனா பேரன் காலத்துலதான் திரும்பி வரும்" என்பார்.

1980 நவம்பரில் கணக்குப்பிள்ளை பதவியை அரசு ஒழித்தது. அப்பா பதிவேடுகளை மூட்டை கட்டி ஒப்படைத்துவிட்டு வந்தார். வயது ஐம்பத்திரண்டு. அடுத்த மூன்று வருடம் வீட்டில் இருந்தார். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்து அடிவரி வரை படித்தார்.

1983இல் பக்கத்து நகராட்சி புதுப் பேருந்து நிலையம் கட்ட முடிவு செய்தது. அந்த நகராட்சியின் பெயரை எழுதவில்லை. எங்கள் ஊர் எல்லையில் ஆறு ஏக்கர் எடுக்க வேண்டும். நிலம் எடுக்கும் வேலை தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. எனவே வெளியாட்களை 'தேவைப்படும் நாளில் மட்டும்' அழைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தப் பட்டியலில் அப்பா பெயரும் இருந்தது. அழைத்த நாளுக்குப் படி. அழைக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. தட்டச்சு செய்த உத்தரவில் 'நில ஆலோசகர்' என்று போட்டிருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சிரித்ததால் பெட்டியில் வைத்தார்.

அழைப்பு வருவது நகராட்சிப் பியூன் சென்றாயனின் சைக்கிளில். வாசலில் நின்று மணியடிப்பார்.

"ஆலோசகருங்களே, பெரிய எடத்துல கூப்புடறாங்க. மேளந்தான் கூட்டியார மறந்துட்டனுங்க."

அப்பா அதற்குள் சட்டையை மாட்டியிருப்பார்.

அவரால் வேலை வேகமாக நடந்தது. நில உரிமையாளர்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர் அவர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சியை அவர்கள் நம்பவில்லை, அவரை நம்பினார்கள்.

எடுக்கும் நிலத்தின் வடகிழக்கு மூலையில், சர்வே எண் 214/3இல், ஒரு கிணறு இருந்தது. பட்டா, கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான வெள்ளியங்கிரி பெயரில். ஆனால் தண்ணீரில் நான்கு பங்கு. ஒரு பங்கு கருப்பண்ணனுடையது. அவருடைய இரண்டு ஏக்கர் கிணற்றுக்கு அந்தப் பக்கம், எடுக்கும் நிலத்துக்கு வெளியே இருந்தது. செவ்வாயும் சனியும் அவர் முறை. நிலம் அவரிடமே இருக்கும், தண்ணீர் போய்விடும். அந்தப் பங்கு அரசாங்கப் பதிவேடு எதிலும் இல்லை. அப்பாவின் மனதில் இருந்தது. மற்ற பங்காளிகளுக்கு வேறு கிணறும் இருந்தது. கருப்பண்ணனுக்கு இதுதான்.

1984 ஆடியில் அறிவிப்பு வந்தது. முப்பது நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தரலாம். கருப்பண்ணனும் அவர் மனைவி ஆராயியும் வீட்டுக்கு வந்தார்கள். நான் உள்ளே அப்பாவுக்காக அந்த மூலையின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கெணறு அவிங்க கோட்டுக்குள்ள போவுதாமுங்களே?" என்றார் ஆராயி.

"போவாது சாமி" என்றார் அப்பா.

"மனு எழுதி வாங்கியாந்திருக்கறமுங்க. குடுத்துரலாமுங்களா?"

அப்பா வாங்கிப் படித்தார். "எழுதுனவன் கெணத்தக் கண்ணால பாத்தானா? வடகெழக்கு மூலையத் தென்மேக்குன்னு போட்டு வெச்சிருக்கறான்."

கருப்பண்ணன் சிரித்தார். ஆராயி சிரிக்கவில்லை.

"மூலை தப்புனாலும் கெணறு அதேதானுங்களே."

"இத பாரு ஆராயி. நீங்க எழுத்துல குடுத்தா வெள்ளியங்கிரி முறுக்கிக்குவாரு. மொத்தமும் கோர்ட்டுக்குப் போயிரும். அளக்கற அன்னிக்கு நான் அங்க நிப்பேன். கல்லைக் கெணத்துக்கு இந்தப் பக்கமாத் தள்ளி நட்டாத் தீந்துது. ஆறு செண்டு. ஆறு ஏக்கர்ல ஆறு செண்ட யாரு கேக்கப் போறா?"

"அதுக்கென்னங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார் கருப்பண்ணன். மனு அப்பாவின் கையிலேயே தங்கிவிட்டது.

அவர்கள் போனபின் நான் சொன்னேன். "அப்பா, எழுத்துல குடுக்கோணும்னு நோட்டீஸ்லயே போட்டிருக்குது."

"நோட்டீஸு ஊரு தெரியாதவனுக்கு, அம்மிணி."

நான் மறுபடி வரைய உட்கார்ந்தேன். படத்தில் கிணற்றை வட்டமாகப் போட்டு, பக்கத்தில் 'கிணறு' என்று எழுதினேன். பங்கு எத்தனை என்று எழுதவில்லை. அதற்கு நகராட்சி தந்த படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம்.

1985 மாசியில் அளந்தார்கள். முதல் மூன்று நாள் சென்றாயன் வந்து அழைத்துப் போனார். நான்காம் நாள் வடகிழக்கு மூலை. அப்பா காலை ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்தார். மணிச் சத்தம் கேட்கவில்லை. அழைக்காமல் போவது மரியாதை இல்லை என்றார். பதினோரு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், எழவில்லை. மூன்று மணிக்கு என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

கிணற்றைக் கோட்டுக்குள் விட்டு, அதற்கு அந்தப் பக்கம் கல் நட்டாகிவிட்டது. சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர். தவறாக எதுவும் பேசவில்லை.

"அந்த மூலைக்கு ஆட்சேபணை எதுவும் ஃபைல்ல இல்லீங்களே, ஐயா. தகராறு இல்லாத எடத்துக்கு ஆலோசகரைக் கூப்பிட்டா ஆடிட்ல கேள்வி வரும்."

இதை அப்பா அன்றிரவே எங்களிடம் சொன்னார். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மனு கொடுத்திருந்தால் அவரை அழைத்திருப்பார்கள்.

கருப்பண்ணன் கல்லைப் பார்த்துவிட்டு மறுநாள் ஓடி வந்தார். அப்பா அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அது தற்காலிகக் கல்லு. மாத்திருவாங்க" என்றார்.

மாற்றுவார்கள் என்று அவரே நம்பினாரா, தெரியாது. நான்கு மாதம் அலைந்தார். அழைக்காத நாளில் போனதால் அலுவலகத்தில் நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசினார். ஆட்சேபணைக் காலம் முடிந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவரிடமே கேட்டார்கள். விரலை மடக்கி எண்ணிச் சொன்னாராம். ஆனியில் கருப்பண்ணன் வந்து மஞ்சள் நடலாமா என்று கேட்டபோதும், "நடு" என்றார்.

மார்கழியில் கிணற்றை மூடினார்கள். நான்கு லாரிகள் மண் அடித்தன. காலை தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் முடிந்தது. மஞ்சளுக்கு ஆறு மாதம், கிழங்கு பிடிக்கும் பருவம். மழை நின்றிருந்தது. கருப்பண்ணன் இரண்டு வாரம் பீப்பாயில் தண்ணீர் இழுத்து ஊற்றினார். அப்பாவும் போய் வாளி தூக்கினார். இரண்டு ஏக்கருக்கு வாளியால் என்ன ஆகும்? தை பிறக்குமுன் இலை வைக்கோலாகிவிட்டது. தோண்டிப் பார்த்தபோது கிழங்கு சுண்டுவிரல் பருமன்.

கருப்பண்ணன், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்கு ஏறி வடக்கே போனார். ஆராயி நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனார். நிலம் தரிசாகக் கிடந்தது.

1986 சித்திரையில் அப்பா ஆராயியைப் பார்க்க வேண்டும் என்றார். நான்தான் கூட்டிப் போனேன். பண்ணையில் கொட்டகைக்குள் விட மாட்டார்கள். கேட் அருகில் நின்றோம். ஆராயி கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்க சாமி. அம்மிணியும் வந்திருக்குதா. வெயில்ல ஏனுங்க வந்தீங்க?"

அப்பா பேச வாய் எடுப்பதற்குள் ஆராயியே பேசினார்.

"அவுரு கடுதாசி போட்டாருங்க. சோத்துக்குக் கஷ்டமில்லையாமுங்க."

"ஆராயி, அன்னிக்கு அந்த மனுவ..."

"அத உடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? அவிங்க கூப்புட்டாத்தான நீங்க வருவீங்க."

ஏளனமாகச் சொல்லவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். பஸ்ஸில் திரும்பும்போது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். இறங்கும் இடத்தில் விரல்களை நான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து அழைக்காமலேயே நகராட்சிக்குப் போக ஆரம்பித்தார். காலை ஒன்பதுக்குப் போய் ஐந்து மணிவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிறவர்களிடம் ஒரே கேள்வி: "இன்னிக்கு எங்கயாச்சும் அளக்கறாங்களா?" முதலில் பதில் சொன்னார்கள். பிறகு சிரித்தார்கள். மனுக் கொடுக்க வரும் குடியானவர்களை நிறுத்தி, "எழுத்துல குடுத்தீங்களா? ரசீது வாங்குனீங்களா?" என்று கேட்பார். "அட, பழைய கணக்குப்புள்ளை. நீங்க இருக்கறப்ப எங்களுக்குக் காயிதம் எதுக்குங்க?" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று வீட்டில் சாப்பிட மாட்டார்.

1987இல் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கடிதத்தைச் சென்றாயன்தான் கொண்டுவந்தார், மணியடிக்காமல். அதன் பிறகும் அப்பா போனார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

1988 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி அளவில் பெஞ்சிலேயே இறந்தார். மாரடைப்பு. தூங்குகிறார் என்று நினைத்து நான்கு மணிவரை எழுப்பவில்லை.

அன்று எங்கும் அளவை நடக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.