பிளக்கைப் பிடுங்கும் ராபின்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற ஒரு ஆலையில் ராபின் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கரண்டுக்குப் பயப்படாத ஆள் என்று ஊரெல்லாம் பெயர். அது சுத்தப் பொய். அவனைப் போல் கரண்டுக்குப் பயந்தவன் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆலையில் உலை ஏறும்போது அந்தத் தெருவில் டியூப்லைட் மங்கும், இறங்கும்போது ஃபேன் பறக்கும். கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் வாங்கிக் கொடுத்த டி.வி. மூன்றே மாதத்தில் புகைவிட்டுச் செத்தது. "எலெக்ட்ரீஷியன் ஊட்லயே டி.வி. எரிஞ்சா மத்தவங்க ஊடு இன்னாத்துக்கு ஆவும்?" என்று மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அன்றிலிருந்து ராபினின் வீட்டில் ஒரு சட்டம். பிளக்கைப் பிடுங்கி வைக்கக்கூடிய எதுவும் பிளக்கில் இருக்கக் கூடாது. செல்போன் சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், ஏறியதும் பிடுங்குவான், அப்புறம்தான் யாருக்கும் போன் பேசுவான். மனைவி சுகிர்தா மிக்சியில் சட்னி அரைத்தால் இவன் சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான். சூடு கண்ட பூனை, வேறென்ன சொல்வது?

2009 மே மாதம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம், முதல் ஷிஃப்ட் முடிந்து ராபின் குளித்துவிட்டு வரும்போது வாசலில் ஷாஹுல் நின்றான். ஒரு கையில் பழவேற்காட்டு இறால், இன்னொரு கையில் பிரிக்காத அட்டைப் பெட்டி.

ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறான். இரண்டு பேரும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். அப்போது ஷாஹுலின் அப்பா அசன் முகைதீன் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆணி, பெயின்ட் விற்கிற கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மகன் ஸ்டேஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில் ராபினோடு கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். திரை குறுக்கே இரண்டாகப் பிரியும், மேலே ஒரு கார், கீழே ஒரு கார். கீபோர்டு ஒன்றுதான். ராபினுக்கு வலது பக்கத்து அம்புக் குறிகள், ஷாஹுலுக்கு இடது பக்கத்து எழுத்துகள். வளைவு வந்தால் காரோடு சேர்ந்து ஆட்களும் சாய்வார்கள், முழங்கையும் முழங்கையும் இடிக்கும், அதற்கே ஒரு சண்டை நடக்கும். பிறகு கடையை மூடி, குடும்பம் பழவேற்காட்டுக்கே திரும்பியது. ஷாஹுல் ஷார்ஜாவுக்குப் போனான்.

இப்போது நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உடம்பெல்லாம் சௌக்கியமா என்று இவன் கேட்டான், வேலையெல்லாம் எப்படி என்று அவன் கேட்டான். பத்து நிமிஷத்தில் பேச்சு வற்றிவிட்டது. ஷாஹுல் டீயைக் குடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முழங்கையால் விலாவில் இடித்தவன் மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தியைப் போல் உட்கார்ந்திருக்கிறானே என்று ராபினுக்கு இருந்தது.

"இது இன்னாடா பெட்டி?" என்று கேட்டு வைத்தான்.

ஷாஹுலின் முகம் அப்போதுதான் பழைய முகமானது. "லேப்டாப்புடா. கேம் ஆடறதுக்குன்னே தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டது. அந்த ரேஸு புதுசா வந்துகீது, ரெண்டு பேர் ஓட்டலாம். இன்னும் பிரிக்கக்கூட இல்ல. மொத ரேஸு உங்கூடத்தான்."

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை அவனுக்கு ஃபிளைட். அதற்குள் ஒரே ஒரு ரேஸ், முழங்கை இடிக்க ஓட்டிவிட வேண்டும். ராபினுக்கு அந்த வாரம் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அது நடந்தால் ஷாஹுல் தன் சிநேகிதன், நடக்காவிட்டால் இறால் கொண்டுவந்து கொடுத்த விருந்தாளி. அவனுக்குக் கணக்கு அவ்வளவு நேராகத் தெரிந்தது.

லேப்டாப்பை சார்ஜில் போட்டான். ஏறுகிறவரை யாரையும் தொட விடவில்லை. முழுசாக ஏறியதும் வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கினான், ஒயரைச் சுருட்டி பீரோவில் வைத்தான். பிறகு சி.டி.யைப் போட்டு கேமை ஏற்றினார்கள்.

கார் கிளம்பியது. கிளம்பி நின்றது. ஒரு படம், கொஞ்சம் இளைப்பாறல், அடுத்த படம். வளைவுக்கு வருவதற்குள் கொட்டாவி வந்தது.

"மாட்டு வண்டி தேவலடா," என்றான் ஷாஹுல்.

"வுட்றா, நான் பாத்துக்கறேன்," என்றான் ராபின். அந்த ஒரு வார்த்தையில் ஆறு நாள் போயிற்று.

செவ்வாய்க்கிழமை கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள். மாட்டு வண்டிதான். புதன்கிழமை யாரோ சொன்னார்கள் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கார்டுக்கான டிரைவரை இறக்கினார்கள். நூறு எம்.பி. இறங்க ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. வியாழக்கிழமை விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, பொன்னேரி வழியாக பஸ் பிடித்து ஷாஹுல் வியர்த்து ஒழுகிக்கொண்டு வந்தான். மாட்டு வண்டி அப்படியே நின்றிருந்தது. ஒவ்வொரு நாளும் சார்ஜ் போடுவது, பிடுங்குவது, ஓட்டுவது என்று ராபின் சட்டத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. இடையில் கரண்டு போகும்போதெல்லாம், "பாத்தியா, பிளக்குல வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று வேறு பெருமை.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற குப்புராஜிடம் கொண்டுபோனார்கள். குப்புராஜ் கடையிலிருந்த ஒரு ஒயரைச் சொருகி ஓட்டிக் காட்டினான். கார் சீறிக்கொண்டு போயிற்று.

"நல்லாத்தானப்பா ஓடுது? இதுல இன்னா பேஜாரு?"

வீட்டுக்கு வந்து, சார்ஜ் முழுசாக ஏற்றி, பிடுங்கிவிட்டு ஓட்டினார்கள். மாட்டு வண்டி.

"நல்ல கார்ட உருவிக்கினு வேற மாட்டிட்டான்டா அவன்," என்றான் ராபின்.

"நம்ம கண்ணு முன்னாலதானடா வச்சிருந்தான்?"

ராபின் லேப்டாப்பை மூடி வைத்தான். ஷாஹுல் அன்றைக்கு சீக்கிரமே கிளம்பினான். "போவட்டும் வுட்றா. இது இங்கியே கெடக்கட்டும், அடுத்த லீவுல பாத்துக்கலாம்," என்றான். அடுத்த லீவு என்றால் எப்போது என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்த ராபினுக்கு சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் சுகிர்தாவைப் பின்னால் உட்கார வைத்து, லேப்டாப்பை அவள் மடியில் கொடுத்து, ராபின் நேராக குப்புராஜின் கடைக்கு வண்டியை விட்டான். குப்புராஜ் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான்.

"கடைல ஓடுது, ஊட்டுக்கு எட்துகினு போனா படுத்துக்குது. இன்னாப்பா வேல பண்ண நீ?"

குப்புராஜ் கோபப்படவில்லை. மறுபடி ஒயரைச் சொருகினான், ஓட்டினான். கார் பறந்தது.

சுகிர்தாவுக்குக் கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா தெரியாது. மாத்திரை கம்பெனியில் அட்டை எண்ணிப் பேக் பண்ணுகிறவள், எதில் என்ன வித்தியாசம் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாங்க, இவரு ஒயர மாட்டிக்கினு ஓட்றாரு. நீங்க புடுங்கிட்டு இல்ல ஓட்றீங்க?"

குப்புராஜ் ஷட்டர் அதிரச் சிரித்தான். "பேட்டரில ஓட்டுனா பெரிய கார்டு தூங்கிடும்பா! சார்ஜ மிச்சம் புடிக்கறதுக்கு அதுவே நிறுத்திக்கும், சின்ன கார்டுல ஓடும். ஒயர மாட்டுனாதான் பெருசு முழிச்சிக்கும். தனி கார்டு போட்ட லேப்டாப்ப வாங்கிட்டு ஒயர புடுங்கிப் போட்டு ஆட்ற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அதுகூட இல்லை, வெண்ணெயைப் பீரோவில் பூட்டிவிட்டு அலைந்திருக்கிறான். ராபின் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஷாஹுல் தினமும் இரண்டு பஸ் மாறி வந்த வெயிலெல்லாம் அவன் மண்டையில் இறங்கியது.

போன் போட்டு, "உடனே வாடா," என்றான். ஷாஹுல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டு வந்தான். வந்து சேர மூன்று மணியாயிற்று. ஐந்து மணி பஸ்ஸுக்கு அவன் திரும்பியாக வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் திட்டுவான் என்று ராபின் எதிர்பார்த்தான். ஷாஹுல் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்டா டேய், எலெக்ட்ரீஷியனு!"

பீரோவிலிருந்து ஒயர் வெளியே வந்தது. ராபின் அதைச் சொருகி, பிடுங்கி, மறுபடி சொருகியதை சுகிர்தா பார்த்தாள். ஞாயிறென்று உலைக்கு லீவா என்ன? நாலு மணிவாக்கில் அடுத்த உலை ஏறும், எந்த நேரத்துக்கு வோல்டேஜ் படுக்கும், எந்த நேரத்துக்கு எகிறும் என்பது அவனுக்கு மனப்பாடம். இந்த அடாப்டர் வோல்டேஜ் நூறுக்கு இறங்கினாலும் தாங்கும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருந்தது. அவனே படித்திருந்தான். படிப்பு வேறு, பயம் வேறு. எரிந்தால் எரியப்போவது தன் பொருள் இல்லை, ஷாஹுல் ஐந்து வருஷ வெயிலில் சம்பாதித்த பொருள்.

"நீ ஓட்டு, நான் இங்க நிக்கறேன்," என்று சுவிட்சின் பக்கத்தில் நின்றான்.

"நான் தனியா ஓட்றதுக்கா இத்த வாங்கினு வந்தேன்? உக்காரு."

உட்கார்ந்தான். திரை இரண்டாகப் பிரிந்தது. மேலே ஒரு கார், கீழே ஒரு கார், கண்ணாடி போல் வழவழவென்று ரோடு. முதல் வளைவில் ஷாஹுலின் முழங்கை ராபினின் விலாவில் இடித்தது. "தள்றா!" "நீ தள்றா!" என்று கூச்சல் கிளம்பியது. அடுப்படியிலிருந்து சுகிர்தா எட்டிப் பார்த்தாள். தன் புருஷன் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது ரேஸின் நடுவில் டியூப்லைட் மங்கியது. ராபினின் கை தானாக பிளக்குக்குத் தாவியது. ஷாஹுல் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எரிஞ்சா எரியட்டும்டா. ஓட்டு."

ஃபேன் தள்ளாடியது, லைட் சிமிட்டியது, கார்கள் ஓடின. ஒற்றைக் கையால் ஓட்டி இரண்டு பேருமே சுவரில் மோதினார்கள். ஷாஹுல் கையை விட்டபோது லைட் தெளிந்திருந்தது, லேப்டாப்பும் நன்றாகவே இருந்தது. எத்தனை ரேஸ் ஓட்டினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. நாலே முக்காலுக்கு சுகிர்தா, "அண்ணே, பஸ்ஸு போயிடும்," என்று சொன்னபோது ஒரு ரேஸ் பாதியில் நின்றது.

அதற்கப்புறம் ஷாஹுல் இரண்டு தடவை வந்தான். ஒரு தடவை பெண்டாட்டி சைதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பிரியாணியோடு வந்தான், இன்னொரு தடவை அப்பா அசன் முகைதீன் தவறிப்போனதற்கு ஊருக்கு வந்தான். சண்டையும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியது அந்த ஒரு மத்தியானத்தோடு சரி.

வருஷங்கள் கழித்து ஒருநாள் ராபின் பொறுக்கமாட்டாமல் சுகிர்தாவிடம் சொன்னான். "மொத நாளே ஒயர மாட்டியிருந்தா ஆறு நாளும் ஓட்டியிருக்கலாம்டி. எம்புத்தியால பாழாப்போச்சு."

சுகிர்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மொத நாளே ஓடியிருந்தா ரெண்டு ரேஸு ஓட்டிட்டு, டீ குடிச்சிட்டு, வாட்ச பாத்துக்கினே போயிருக்கும் அண்ணன். ஓடாததாலதான் ஆறு நாளும் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துது," என்றாள்.

ராபினுக்கு அது சரி என்றுதான் பட்டது. சரி என்று பட்டபோதுதான் அழுகை வந்தது.