பெயர் வைக்காத பிள்ளைகளின் கரை

கால் வைத்தால் உள்வாங்கும் மண், சித்திரை வெயிலிலும் அடியில் சில்லென்றிருக்கும். வடக்குப்பட்டு ஏரிக்கரையின் அந்த ஓரத்தை நான் சிறுமியாக இருந்தபோது உச்சிவேளையில் தாண்ட விடமாட்டார்கள், "பசங்க தூங்குது, சத்தம் போடாத" என்பாள் அம்மா. பெயர் வைக்குமுன் செத்த குழந்தைகளை ஆண்கள் அங்கே புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள், எந்த இடமென்று பெற்றவளுக்கும் சொல்லமாட்டார்கள். என் தம்பியும் அங்கேதான் போனான். சாகும்வரை அம்மா இடம் கேட்டாள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சுற்றிலும் கம்பெனிகள் வரத் தொடங்கிய வருஷங்களில் நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிக்கொண்டிருந்தேன். என் கைச் சோற்றைக் குறை சொன்ன பிள்ளை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளின் ஊர்ச்சேவை முகாமில் அவரவருக்குப் பிடித்த வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார் வாத்தியார். பெரிய வகுப்பில் எதிலும் ஒட்டாத பெண்ணான செல்வி, ஏரிக்கரையில் மரக்கன்றுக்குக் குழி தோண்டப் போவதாகச் சொன்னாள்.

"சார் கண்ணுல படாத எடம் ஆயா, அதான் எனக்குப் புடிச்ச சேவை."

கரையில் எந்தப் பக்கமென்று நான் கேட்காமல் விட்டேன். மதியம் சோறு கொண்டுபோனால், அந்த ஓரத்தில் மூன்றாவது குழியில் நிற்கிறாள்.

"மண்ணு இன்னா மெத்துன்னு கீது ஆயா, கடப்பாறையே வேணாம்."

அவள் காலடியில் பச்சைக்குழந்தைக்குப் போடும் ஒரு கருவளை, என் இரண்டு விரல்தான் நுழையும் அளவு.

"மூடுடி."

"யாருது?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி நிக்கிறேன்?"

சிரிப்பு அடங்கிப்போய்க் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள், அந்த ஓரத்தின் கதையையும் என் தம்பியையும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். மறுநாள் அவளே தேடிப்போய், குழந்தைகளைத் தூக்கிப்போனவர்களில் உயிரோடு மிஞ்சிய முனுசாமி பெரியப்பாவைக் கைபிடித்து அழைத்துவந்தாள். கண் தெரியாத மனுஷன், வெறுங்காலால் மண்ணைத் தடவித் தடவி நின்ற இடத்திலெல்லாம் செல்வி ஒரு கல் வைத்து நோட்டில் குறித்துக்கொண்டாள். மூடிய அந்தக் குழிமேல் வந்ததும் அவர் நகரவில்லை.

"உன் தம்பி, சரோசா. நான்தான் தூக்கினு வந்தேன்."

"பேரு இன்னா எழுதட்டும் ஆயா?" என்றாள் செல்வி.

அம்மாவுக்குப் பதிலாக நானே வைத்தேன். "ஏழுமலை."

எழுதியவள் தலைதூக்கினாள். "நீயா ஆயா இப்போ 'உம்'னு பதில் சொன்னே?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். பெரியப்பாவும் இல்லையென்றார். காற்றுகூட இல்லை.

முகாம் முடிந்தும் செல்வி சனிக்கிழமைதோறும் வந்து, வீடு வீடாய்ப் பெற்றவர்களைத் தேடி மற்றக் குழந்தைகளுக்கும் பெயர் வைக்கச்சொல்லி எழுதினாள். வரச்சொல்லி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று அந்தக் கரையும் இல்லை, அவள் வைத்த கல்லும் இல்லை, கன்டெய்னர் லாரி போகிற அகலச் சாலைதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது தம்பி பெயர் நாக்குவரை வரும், கூப்பிடுவதில்லை. அன்றைக்குப் பதில் வந்ததே என்று நடுங்கினேன். இப்போது வராமல் போய்விடுமோ என்றுதான் பயம்.