பனிச்சங்காய்ச் சாறும் என் வெள்ளைக் காலுறையும்

என் மாமா பொய்க்காரர். கல்யாண வீடோ குடிபுகும் வீடோ, எங்கே குடும்பம் கூடினாலும் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் காலுறைக் கதையை எடுத்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சொல்வதில் நடக்காத ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மற்றப் பாதியை வெற்றிலைச் சாற்றோடு விழுங்குகிறவருக்கு வேறு பெயர் என்னிடம் இல்லை. ஆகவே முழுவதையும் நான் எழுதுகிறேன்.

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நான் சின்னப் பிள்ளை. அப்பாவைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. அம்மா என்னை மாங்கேணியில் தன் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்தத் தம்பிதான் மாமா. களப்பிலும் கடலிலும் மீன்பிடிப்பது அவருடைய தொழில். வீட்டில் மாமியும், தொட்டிலில் கிடந்த மச்சாளும், நானும். அந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு வந்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். நான் அதை நம்பியிருந்தேன். வேறு எதை நம்புவது?

மாசி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டி. அணிநடையில் எங்கள் இல்லத்துக்கு முன்னால் கொடி பிடித்துப் போக என்னைத் தெரிவு செய்தார்கள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, நான் உயரம். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை கட்டாயம் என்று ரீச்சர் சொன்னார். சப்பாத்து இருந்தது. காலுறையை, ஊருக்கு லீவில் வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பினார். தடித்த பருத்திக் காலுறை, ஒரே ஒரு சோடி. மூக்கில் வைத்தால் புதுத்துணி வாசம். அம்மாவின் வாசமாக இருக்குமோ என்று திரும்பத் திரும்ப மோந்து பார்த்தேன். இல்லை, கடையின் வாசம்தான்.

காலுறை கழுவுவது அம்மாவுக்குக் கைவந்த வேலை. அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பாதி வேலை. யாரோ பெற்ற பிள்ளைகளின் காலுறைகளைக் கழுவி, காயவைத்து, சோடி சேர்த்து அடுக்குவார். வெள்ளிக்கிழமைகளில் மாமாவின் தொலைபேசிக்கு எடுத்து எனக்கும் அதையே சொல்லித்தருவார். உள்பக்கத்தைப் புரட்டித்தான் கழுவ வேண்டும். சவுக்காரத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும், கல்லில் அடிக்கக்கூடாது, முறுக்கிப் பிழியக்கூடாது. துவாயில் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் போய்விடும். கிளிப்பை விரல் பக்கத்தில்தான் போட வேண்டும், இழுபடுகிற வாய்ப்பக்கத்தில் போட்டால் அது தொய்ந்துவிடும். நிழலில் காயவிட வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி உருண்டையாக வைக்காமல் மடித்து வைக்க வேண்டும். கடைசியில் எப்போதும் இதைச் சொல்வார்:

"மகள், நான் வாற வரைக்கும் அது தாங்கணும். வந்து என்ட கையால கழுவித் தருவன்."

ஒத்திகைக்குப் போட்டுவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் அப்படியே கழுவினேன். காயவைப்பதுதான் என்னை வாட்டியது. நிழலில் போட்டால் எங்கள் உப்புக் காற்றில் அது இலேசில் காயாது. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. புத்தகத்தை எடுப்பேன், வைப்பேன், உடுப்புக் காயும் கொடிக்கு ஓடுவேன், தொட்டுப் பார்ப்பேன். ஈரம். திரும்பி வருவேன். காகம் கத்தினால் ஓடுவேன். ஆடு கத்தினால் ஓடுவேன். மாமி ஒருநாள், கொடிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கிளிப் போட்டுத் தொங்கவிடட்டுமா என்று கேட்டார்.

போட்டிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் மாமாவும் நானும் கடற்கரைக்குப் போய்த் தோணிகளுக்குப் பக்கத்தில் காத்து நின்றோம். அழைப்பு வந்ததும் நான் கொடியைப் பற்றிச் சொன்னேன். அம்மா ஓம் ஓம் என்றார். அவருடைய குரல் சரியில்லை. சுருக்கமாகப் பேசிவிட்டு மாமாவைக் கேட்டார். மாமா தொலைபேசியை வாங்கிக்கொண்டு அலைக்கரை வரைக்கும் போய்விட்டார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் ஒரு தோணியில் ஏறினேன், இறங்கினேன், இன்னொன்றில் ஏறினேன். காலுறை காய்ந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன், திரும்ப எனக்குத் தருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வந்தபோது பேச்சு முடிந்திருந்தது.

அம்மா என்ன சொன்னா என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல. சொக்ஸப் பத்தித்தான் கேட்டா."

வீட்டுக்கு வந்ததும் மாமா நேரே கொடிக்குப் போனார். ஒரு காலுறையைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வலைக்கண் பார்ப்பது போலப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். எனக்கு உயிர் போய்வந்தது.

"இது எதுவரைக்கும் தாங்கும் புள்ள?"

வருடப் பிறப்பு வரைக்கும் தாங்கும் என்றேன்.

"மறுகா?"

பிறகு அம்மா புதுசு கொண்டுவருவா என்றேன். மாமா காலுறையைத் திரும்பக் கொடியில் போட்டார். கிளிப்பை வாய்ப்பக்கத்தில் போட்டார், நான்தான் மாற்றிப் போட்டேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனிச்சங்கேணிப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கொடியில் காலுறை இல்லை. கிணற்றடியில் ஒரு பானை இருந்தது. அதற்குள் கறுத்த, கொழகொழத்த தண்ணீர். இடித்த காயின் துவர் நாற்றம் முற்றம் முழுக்க. மாமா ஒரு தடியால் கிண்டிக்கொண்டிருந்தார். தடியின் நுனியில் என் காலுறை வந்தது, தோய்த்தெடுத்த வலைக் கயிறு மாதிரி.

பருத்தி நூலில் வலை கட்டிய காலத்தில், பச்சைப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து அந்தச் சாற்றில் வலையைத் தோய்ப்பார்களாம். பிறகு எத்தனை நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் நூல் இற்றுப்போகாதாம். மாமா சிறுவனாக இருந்தபோது பார்த்தது. அவருடைய சொந்த வலை நைலோன் தங்கூசி வலை, அதற்கு ஒரு சாறும் தேவையில்லை. அந்த ஞானம் முழுவதையும் என் காலுறைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

நான் கத்தவில்லை. பானையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கத்தியது மாமி.

"புள்ளைக்குச் சப்பாத்துக்குள்ள போட வாங்கினது. நீங்க என்ன, மீன் புடிக்கப் பாக்கிறீங்களா?"

"பேசாம இருகா. இனி இது சாகாது."

மாமி சவுக்காரம் போட்டார், தேசிக்காய் போட்டார், நீலம் போட்டார். தேயிலைச் சாய நிறத்துக்குக் கீழே அது இறங்கவில்லை. காய்ந்தபோது விறைத்து நிலத்தில் தானாக நின்றது. கால் இல்லாமலே அணிநடை போகும் என்று மாமி சொன்னதை மாமா இன்றுவரை எல்லா வீட்டிலும் சொல்கிறார்.

போட்டியன்று அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். ரீச்சர் என் காலைப் பார்த்து, சேற்றுக்குள் இருந்தா வருகிறாய் என்று கேட்டார். கொடியை என்னைவிடக் குட்டையான ஒரு பிள்ளையிடம் கொடுத்தார். எனக்குத் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல். அம்மாவுக்குக் காட்டப் படம் எடுக்க மாமா வந்திருந்தார். அந்தப் பிள்ளையிடம் கெஞ்சிக் கொடியை ஒரு நிமிடத்துக்கு வாங்கிக்கொண்டு வந்து, பிடி, இடுப்புக்கு மேலே எடுக்கிறேன் என்றார். நான் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வெகுநாள் அவரோடு பேசவும் இல்லை.

வருடப் பிறப்பு வந்தது. அம்மா வரவில்லை. ரிக்கெட் கிடைக்கவில்லையாம் என்று மாமா சொன்னார். பிறகு அந்த வீட்டுக்காரர் விடவில்லையாம். பிறகு வேறு ஏதோ. நான் அந்தக் காலுறையைத்தான் போட்டேன், வேறு இல்லை. கழுவக் கழுவ மெதுவாயிற்று, நிறம் போகவில்லை. அடுத்த வருடப் பிறப்பும் போனது. என் கால் வளர்ந்து குதி உள்ளே போக மறுத்தது. ஆனால் ஒரு நூல் அறவில்லை. அம்மா வந்து இறங்கிய அன்று அது பிஸ்கட் ரின்னுக்குள் மடித்தபடி இருந்தது, அவர் சொல்லித்தந்த மாதிரியே. கழுவித் தர அவர் வந்துவிட்டார். போடத்தான் கால் இல்லை.

"இண்டைக்கும் பாருங்க, இன்னும் கிழியல்ல." மாமா தன் கதையை இந்த இடத்தில்தான் முடிப்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு சோடி சொக்ஸுக்காக மாமனோடு கோபித்த பிள்ளை நான்.

போன மாதம் என் மகளின் காலுறைகளை அம்மாவும் நானும் மடித்துக்கொண்டிருந்தோம். மாமாவின் கதையைச் சொல்லி நான் எரிச்சல்பட்டேன். அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"அண்டைக்குப் போனில தம்பிட்டச் சொன்னனே. நான் இப்ப வரல்ல, இன்னும் ரெண்டு வருசத்துக்கு ஒப்புக்கொண்டுட்டன், புள்ளைக்கு நீ பக்குவமாச் சொல்லு எண்டு. அவன் சொல்லல்லியா?"

இல்லை. சொல்லவில்லை. பானையில் போட்டுக் கிண்டினார்.

வருகிற மாதம் வாழைச்சேனையில் மச்சாளுக்குக் கல்யாணம். மாமா, நீங்கள் பெண்ணின் தகப்பன். வெற்றிலையை எடுப்பீர்கள், கதையையும் எடுப்பீர்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். நீங்கள் "மறுகா?" என்று கேட்டபோது என் அம்மா வரமாட்டா என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வருடப் பிறப்பு வரைக்கும் போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் அதற்கு அங்கால உள்ள காலத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சொக்ஸைத் தாங்கப் பண்ணினீர்கள், சரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை? வீட்டுக்குள் கூப்பிட்டுக் காதுக்குள் சொல்லவேண்டாம். அந்த மண்டபத்தில், சிரித்த அத்தனை பேருக்கும் முன்னால், பதில் சொல்லுங்கள்.