சவுக்கு நுனியில் ஒரு தூக்க அறை

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். மேலே நான் கண் அசந்தால் கீழே நிற்பவர்கள் கதி அதோகதி. அதனால் நான் பகலில் தூங்குவது எங்கள் வீட்டில் சட்டம். குக்கர் விசில் கிடையாது, டிவிக்குச் சத்தம் கிடையாது. என் மகள் அந்தச் சட்டத்துக்குள்தான் பிறந்து வளர்ந்தாள்.

எல்.கே.ஜி. சேர்த்து மூன்று மாதத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா வாயே தொறக்க மாட்டேங்குது சார். எது கேட்டாலும் காதாண்ட வந்து குசுகுசுன்னுதான் சொல்லுது. டாக்டராண்ட காட்டுங்க." தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கோளாறு என் தூக்கத்தில் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் தள்ளிப் போய்த் தூங்கினால் அவள் வாய்விட்டுப் பேசுவாள் என்று தோன்றியது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பை வெட்டி லாரி ஏற்றியபின், கோணல் கழிகளும் நுனிகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. ஒரு வண்டி அள்ளி வந்தேன். கொத்தனார் சிரிப்பார் என்பதால் அவரிடம் யோசனை கேட்கவில்லை. பாத்ரூமுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு, சத்தம் புகாத ஒரு பெட்டி. ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு வரிசைக் கழிகள், நடுவில் சேற்றில் முக்கிய சவுக்குச் சருகு. முதல் சுவர் காய்வதற்குள் தொப்பை போட்டுச் சரிந்தது. பிரித்து, குறுக்கே கழி கொடுத்து மறுபடி கட்டினேன். கதவும் அதே கனம். காற்றுக்கு மட்டும் வளைந்த குழாய் ஒன்று.

முடிந்த அன்று நான் உள்ளே படுத்துக்கொள்ள, மனைவி வெளியே நின்று தட்டைத் தட்டினாள். "இன்னாய்யா, கேக்குதா?" என்று கத்தினாளாம். நான் தூங்கிப் போயிருந்தேன்.

அதன்பின் குக்கர் கூவியது. டிவி அலறியது. மகள் மட்டும் குசுகுசுத்தாள். "சத்தமா பேசுடி, நைனா பின்னால தூங்கிக்கினு கீறாரு, அவருக்குக் கேக்காது" என்று அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள். சரி என்பதையும் மகள் ரகசியமாகவே சொன்னாள். இத்தனை பாடுபட்டும் பலன் இல்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பகல் ஷிஃப்ட் வாரம் ஒன்றில் நான் சீக்கிரமே வீடு திரும்பினேன். மகளைக் காணோம். "நீ பகல் ஷிஃப்ட் போனா, ஸ்கூல் உட்டு வந்ததும் தெனம் அந்தப் பொட்டிக்குள்ளதான் போய்ப் பூந்துக்கினு கீறா" என்றாள் மனைவி. பெட்டியருகே போய் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக் கதவை மெல்லத் திறந்தேன்.

"பிரசன்ட் மிஸ்! பிரசன்ட் மிஸ்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளிச்சம் பட்டதும் கண் திறந்தாள். வாயை மூடிக்கொண்டாள். வெளியே வந்து, என்னைக் குனியச் சொல்லிச் சைகை காட்டி, காதில் சொன்னாள்: "நீ தூங்கிக்கோ நைனா."