கால் சுற்று

கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவர் டீச்சர். பெருக்கலோ வட்டியோ, எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். ஆனால் ஓர் உருவத்தைச் சுழற்றினால் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவர் மனதில் வரவே வராது. என்ன செய்வது, தலையெழுத்து! புது இடத்துக்குப் போனால் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "மேப்பைத் திருப்புற கணக்கு டீச்சர் உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். பள்ளியில் குட்டு வெளிப்படாமல் இருக்க, சுழற்சிப் பாடத்துக்கு முந்தின நாளே விடைகளையெல்லாம் மனப்பாடம் செய்துவிடுவார்.

இப்படிப்பட்டவர்தான் போன வாரம் முதல் பெஞ்சுப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் செய்த குற்றம், சுழற்சிக் கணக்குக்கு நோட்டையே சுற்றித் திருப்பிப் பார்த்து விடை போட்டது. மூளையை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவள் அழுதுகொண்டே உட்கார்ந்தாள்.

இன்று தலைமை ஆசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தாரா? புத்தகத்தில் இல்லாத ஒரு கொடிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போய், கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் சுற்று சுழற்றிக் காட்டச் சொன்னார். கரும்பலகையைத் திருப்ப முடியுமா? டீச்சரின் கழுத்து தன்னையறியாமல் சாய்ந்தது. கட்டிக் காத்த பெயர் இன்றோடு போச்சு என்று நினைத்தார்.

முதல் பெஞ்சுப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். கொடியை நோட்டில் வரைந்து, நெஞ்சருகே பிடித்து, டீச்சருக்கு மட்டும் தெரிகிற மாதிரி மெல்லத் திருப்பினாள். பார்த்ததை அப்படியே பலகையில் போட்டார் டீச்சர்.

மனசுலயே திருப்பிட்டீங்களே என்று தலைமை ஆசிரியை வியந்தார்.

"பழக்கந்தான் மேடம்" என்று டீச்சரின் வாய் முந்திக்கொண்டது. சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

மணி அடித்ததும் அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது.

"டீச்சர், என்னை மாதிரியே உங்களுக்கும் வராதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? டீச்சர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

அவள் சரியென்று தலையாட்டினாள். சந்தோஷம் அவள் முகத்தை விட்டுப் போவதை டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். போன வாரம் அழுதபோதுகூட அந்த முகம் இப்படி இருக்கவில்லை.