பொறு என்று வந்த சீட்டு

ஆவடி ஸ்டேஷனில், சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். சென்ட்ரலிலிருந்து ஆந்திராவுக்கு ரயில். அங்கே ஒரு மலைக் கிராமத்தில் எங்கள் சபையின் ஊழியம். ஒரு வாரம் பாட்டு, பிள்ளைகளுக்குக் கதை, ஜெபம். நான் டோலக் வாசிப்பவன். பள்ளிக்கூடம் என்னைப் பத்தாவதோடு விட்டுவிட்டது. டோலக் விடவில்லை.

பாஸ்டருக்குப் போனில் ஏதோ வந்தது. போனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பியபோது முகத்தில் பிரசங்கம் தயாராகிவிட்டிருந்தது.

"மழையில தண்டவாளம் அரிச்சிட்டுப் போயிடுச்சாம். ஆந்திரா ரயில் ரத்து. இதுலயும் கர்த்தருக்கு ஒரு சித்தம் இருக்கும் பிள்ளைகளே."

"கர்த்தர் சித்தம் இருக்கட்டும் ஐயா, ரயில்வே சித்தம் இன்னான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. "உன் வாய்தாம்ப்பா உனக்குத் தடை" என்றார். வாராவாரம் சொல்வதுதான்.

எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டில் சபைக்குப் போகிறவன் நான் ஒருத்தன்தான். அம்மா தடுக்கவும் மாட்டாள், ஒத்துக்கொள்ளவும் மாட்டாள். அன்று காலையில்தான் முதல்முறையாகப் புளிசோறு கட்டிக் கொடுத்து, தெருமுனை வரைக்கும் வந்தாள். தண்ணிக் குழாயில் நின்ற பொம்பளைகள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இவன் சாமி இவனக் கூட்டிகினு போவுதாம். போவுதா, பாதியிலயே எறக்கி உடுதான்னு பாப்போம்."

அந்தத் தெருவில் நான் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. பையோடு திரும்பிப் போனால், என் வாயையும் என் சாமியையும் சேர்த்து அவர்கள் துணி துவைக்கிற மாதிரி துவைத்துவிடுவார்கள். திரும்பிப் போவதில்லை என்று பிளாட்பாரத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

சபைக் கூடத்துக்கு வந்தோம். காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட்டில் இருக்கும் அண்ணன் ஒருவர் கூட வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சாஃப்ட்வேர் வேலை, கிட்டார் வாசிப்பார். அவர் யார் யாருக்கோ போன் போட்டு ஒரு வேனைப் பிடித்துவிட்டார். ஆனால் வேனில் எங்கள் எல்லாருக்கும் இடம் இல்லை. யாரை விடுவது? அப்போஸ்தலர் காலத்து வழக்கப்படி சீட்டுப் போடலாம் என்றார் பாஸ்டர்.

"எங்க ஏரியாவுல பஸ்ஸுல உக்கார்றதும் சீட்டு, பணத்தச் சுருட்டிகினு ஓடறவன் நடத்தறதும் சீட்டு. இது எந்தச் சீட்டு ஐயா?"

"இது ஜெபத்தோட போடற சீட்டு. கண்ண மூடு."

சின்னச் சின்னத் தாளில் "போ" என்றும் "பொறு" என்றும் எழுதிக் காணிக்கைப் பைக்குள் போட்டார்கள். போட்டே பழகிய பையிலிருந்து முதல்முறையாக எடுத்தோம். சாஃப்ட்வேர் அண்ணனுக்குப் "போ". கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் அக்காவுக்குப் "பொறு". முகத்தில் நிம்மதியோடு வீட்டுக்குக் கிளம்பினார். எனக்கும் "பொறு".

பாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "சோர்ந்து போகாத. கர்த்தர் உனக்கு வேற திட்டம் வெச்சிருப்பார். வீட்டுக்குப் போய் எங்களுக்காக ஜெபம் பண்ணு."

"ஐயா, சீட்டுல இன்னா எழுதி கீது?"

"பொறுன்னு."

"ஊட்டுக்குப் போன்னு எழுதி கீதா?"

"இல்லப்பா, பொறுன்னா..."

"பொறுன்னா பொறு. எங்க குந்திகினு பொறுக்கணும்னு அவரு சொல்லல. நான் இங்கியே பொறுக்கறேன்."

சாஃப்ட்வேர் அண்ணன் பொறுமையாகத்தான் சொன்னார். "தம்பி, கர்த்தர் சொன்னா கீழ்ப்படியணும்லா?"

"கீழ்ப்படிஞ்சிகினு தான் கீறேன் அண்ணாத்தே. உங்களுக்குப் போன்னு வந்திச்சு, நீங்க போறீங்க. எனக்குப் பொறுன்னு வந்திச்சு, நான் பொறுக்கறேன்."

"பொறுக்கி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கரெக்ட்டு மாமே. பொறுக்கறவன் பொறுக்கிதான்."

அண்ணன் டோலக்கைக் காட்டினார். "சரி, அத மட்டுமாவது வண்டில ஏத்திவிடு. அங்க யாராவது தட்டிக்கிடுவாங்க."

அதுதான் எனக்குச் சுர்ரென்றது. "டோலக்குக்குச் சீட்டு எடுத்தீங்களா? அதுக்கும் எடுங்க. போன்னு வந்தா ஏத்தறேன்."

நான் டோலக்கை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் ஜெபம் பண்ணினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு பண்ணின ஜெபம்: ஆண்டவரே, நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கினேன். ஆனா ஊட்டுக்கு மட்டும் போவ மாட்டேன். இதுக்கு மேல உங்க பாடு.

சாயங்காலம் வேன் வந்தது. டிரைவர் பூந்தமல்லிக்காரர், நெற்றி நிறைய விபூதி. சாமான்களைக் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டு, கேட்டுக்கு அருகே டீயோடு நின்றார். வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. என்னால் சும்மா இருக்க முடியுமா?

"அண்ணாத்தே, முன்னாடி எலுமிச்சம்பழம், உள்ள பூரா அல்லேலூயா. வண்டி யார் பேச்சக் கேக்கும்?"

"ஸ்டீரிங் புட்ச்சவன் பேச்சக் கேக்கும் நைனா. நீ இன்னா, மேளத்தக் கட்டிகினு வாசல்ல குந்திகினு கீற? கல்யாணத்துக்கு வந்தியா?"

"பொண்ணு கெடச்சிடுச்சு. வண்டிதான் கெடைக்கல."

அவருக்குப் புரையேறிவிட்டது. டீ ஆறிப்போகும் வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி வாரிக்கொண்டோம். ஆள் என்னைவிடக் கில்லாடி. சீட்டுக் கதையைச் சொன்னபோது மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"இந்தப் புள்ள வரலியா?"

"அவனுக்குச் சீட்டு விழல" என்றார் பாஸ்டர்.

"சாமி, ராத்திரி பூரா ஓட்டணும். நீங்க எல்லாம் கொஞ்ச நேரம் பாடுவீங்க, அப்பால கொறட்ட உடுவீங்க. என்கூட பேசிகினு வர ஒரு ஆளு வோணும். இவன் வாயி மூடாது. இவன் இல்லாம நான் எடுக்க மாட்டேன்."

"எடம் இல்லியேப்பா."

"என் பக்கத்துல இன்ஜின் பெட்டி மேல ஒரு மெத்த கீது. சுடும். குந்துவியாடா?"

நான் அதற்குள் ஏறியிருந்தேன்.

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று ஆரம்பித்தார்.

"மத்தியானம் பொறுன்னு சொன்னவரும் இவருதானா ஐயா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உக்காருடா, வாயாடி" என்றார். வாராவாரம் தடை என்று சொன்ன வாய்க்குத்தான் அன்றைக்குச் சீட்டு கிடைத்திருந்தது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. டிரைவரே சொல்லிவிட்டார்.

கர்த்தர் மனசை மாற்றிக்கொண்டார் என்று இன்றைக்கும் நான் சாட்சி சொல்வதில்லை. அவர் பொறு என்றார், பொறுத்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு மற்றவர்கள் போட்ட நோட்ஸைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலேயே நான் நோட்ஸ் படித்ததில்லை, சபையிலா படிப்பேன்? நம்பிக்கை என்றால் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று யாராவது சொன்னால், அவர்களிடம் இப்போதும் சண்டைக்கு நிற்பேன்.

செங்குன்றம் தாண்டும்போது அம்மா போன் பண்ணினாள்.

"இன்னாடா, ரயில் ஏறிட்டியா?"

"ரயிலு இல்லம்மா. வேன்ல போறேன்."

"எடம் கீதா?"

"கீது. அடுப்பு மேல."

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் சாமி உன்னப் பத்தி நல்லாத் தெரிஞ்சி தான் குந்த வெச்சி கீது" என்றாள். "உன் சாமி" என்று கிண்டல் இல்லாமல் அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டேய், புளிசோறு சூட்டுல கெட்டுடப் போவுது. மடியில வெச்சிக்கோ."

சோற்றுப் பையைத் தூக்கி டோலக்கின் மேல் வைத்துக்கொண்டேன். எனக்குக் கீழே நன்றாகவே சுட்டது. வாயை மூடவில்லை.